ஒட்டுப் போடாத குளிரறை

மூடிக் கிடந்த கட்டிடத்திலிருந்து பதில் வந்தது பூரணிக்குப் பிடிக்கவில்லை.

அவள் வேலை செய்த கம்பனி கிழக்குக் கரை நெடுக மீன் வாங்கி, குளிரில் வைத்து, கொழும்புக்கு ஏற்றி அனுப்பியது. கிண்ணியா, மூதூர், குச்சவெளி, புல்மோட்டை என்று ஊருக்கு ஊர் குளிரறை இருந்தது. ஒவ்வொரு குளிரறையிலும் சேவர் என்கிற கணினி ஒன்று நின்று குளிரைப் பார்த்துக்கொண்டது, கதவைப் பூட்டித் திறந்தது, கமராவை ஓட்டியது. இந்தச் சேவர்களின் மென்பொருளில் எங்கேயாவது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைப்பதற்குச் சின்னத் துண்டு ஒன்று வரும். பட்ச் என்பார்கள். பூரணி தனக்குள் அதை ஒட்டு என்றுதான் சொல்லிக்கொள்வாள். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து ஒபிசில் இருந்துகொண்டு எல்லாச் சேவருக்கும் ஒட்டை அனுப்பி, எது போட்டுக்கொண்டது, எது இன்னும் போடவில்லை என்று கொழும்பு மேலிடத்துக்கு ரிப்போட் கொடுப்பது அவள் பொறுப்பு. போட்டது பச்சை, போடாதது சிவப்பு. மேலிடத்தில் இருப்பவர்கள் அந்த நிறங்களைத் தவிர ரிப்போட்டில் வேறொன்றையும் பார்ப்பதில்லை.

கார்த்திகை மழை பிடித்த கிழமையில் ஒரு பெரிய ஒட்டு வந்தது. எல்லாம் ஒவ்வொன்றாய்ப் பச்சையான பிறகும் ஒன்று மட்டும் சிவப்பில் நின்றது. பழைய துறைமுகக் குளிரறை.

அப்படி ஒன்று இருந்ததையே எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு நடந்த அந்த வருடம், ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்காமல், உள்ளே அடுக்கியிருந்த சூரையும் இறாலும் கணவாயும் பெட்டி பெட்டியாக அழுகிப்போயின. அள்ளி எறிய வந்த கூலிக்காரர்கள் வாசலிலேயே சத்தியெடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் கம்பனி கதவை இழுத்துப் பூட்டியது. மீற்றரையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டிடத்துக்கு ஒரு கம்பியாலும் கரண்ட் போகவில்லை.

ஆனால் பூரணி கேட்கும்போதெல்லாம் அது பதில் சொன்னது. இருக்கிறேன் என்றது. ஒட்டு இன்னும் போடவில்லை என்றது. குளிரறைக்குள் எவ்வளவு சூடு என்றும் சொன்னது. உறைநிலைக்குக் கீழே நிற்கவேண்டிய அந்த எண், நல்ல சுகத்தோடிருக்கிற ஒரு மனிதனின் உடம்புச் சூட்டில் அசையாமல் நின்றது.

ஏதோ பழைய பதிவு சிக்கிக்கொண்டிருக்கிறது என்று எண்ணி அதை அழித்தாள். மறுநாள் காலை அது திரும்ப இருந்தது. திரும்ப அழித்தாள். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது.

பிறகு மணம் தொடங்கியது. மீன் கம்பனியில் மணத்துக்குப் பயந்து வேலை செய்ய ஏலாது. கருவாட்டு வாடையும் ஐஸ் உருகின தண்ணியின் வாடையும் உடுப்பிலும் தலைமயிரிலும் ஏறி வீடு வரைக்கும் வருவதற்கு அவள் எப்போதோ பழகிவிட்டாள். இது அந்த வாடை இல்லை. பழைய குளிரறைச் சேவருக்குள் அவள் நுழைந்து பார்க்கிற நேரம் மட்டும், மேசைக்குக் கீழே இருந்த அவளுடைய கொம்பியூட்டரின் காற்றாடி வழியாக, திரைந்த பாலும் காய்ச்சல்காரனின் வியர்த்த தலையணையும் கலந்தாற்போல ஒரு இளஞ்சூட்டு மணம் புறப்பட்டு, அவள் முழங்கால்களைத் தடவி, சீலைக் கொய்யகத்துக்குள் புகுந்து, மெல்ல மெல்ல மூக்குக்கு ஏறியது. வெளியே வந்தால் நின்றுவிடும். காற்றாடியைத் துடைத்துப் பார்த்தாள். பஞ்சில் ஈரமாய், மெல்லிய சவ்வு மாதிரி ஏதோ வந்தது. பஞ்சைக் கடதாசியில் சுற்றி எறிந்துவிட்டு முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். அன்றைக்குக் கொண்டுவந்த சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கவே இல்லை.

அந்தக் குளிரறையின் கமராவையும் பார்த்தாள். கறுப்பாய் இருந்தது. வெளிச்சமில்லாத இடம், வேறெப்படி இருக்கும் என்று நினைத்தாள். கண் பழகின பிறகு கறுப்புக்குள் ஈரமாய் ஒரு மினுக்கம் தெரிந்தது. லென்சில் நீர் கட்டியிருக்கிறதாக்கும் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அகலமான, மெத்தென்ற ஏதோ ஒன்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, அவசரமில்லாமல், லென்சை நக்கித் துடைத்துக்கொண்டு போனது. அது போன வழியில் எச்சில் நூலாய்த் தொங்கியது.

பூரணி கை கழுவும் பேசினுக்கு ஓடிப்போய்க் குனிந்தாள். வெறும் பித்தம்தான் வந்தது.

கொழும்பில் இருந்த மனேஜர் றுவைஸுக்கு அவள் கமராக் கதையைச் சொல்லவில்லை. கட்டிடம் மூடிக் கிடக்கிறது, கரண்ட் இல்லை, அந்தப் பெயரை ரிப்போட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் வெளிநாட்டு வாங்குநர்களின் ஆட்கள் அடுத்த கிழமை வருகிறார்கள், ஒரு சேவர் இருந்து காணாமல் போனது என்றால் சிவப்பைவிட மோசமான கேள்வி வரும் என்றார்.

"பதில் சொல்லுதெண்டால் அது உயிரோட இருக்குத்தானே பூரணி. ஒருக்கா நேரில போய் கையால போட்டுட்டு வாங்க. எனக்குப் பச்சை வந்தால் காணும்."

கட்டிடத்தின் பூட்டுத் திறப்பு காவல்காரர் ஆனந்தராசாவிடம் இருந்தது. அவர் சம்பூர்க்காரர். சண்டையில் ஊரைவிட்டு ஓடி, முகாம் முகாமாய்க் கிடந்து, கடைசியில் சொந்தக் காணியில் கொட்டில் போட்டு, பிறகு கல்வீடு கட்டியவர். லீவில் போய்விட்டு வரும்போது காணியில் விளைந்த கச்சான் கடலையை அவித்துப் பேப்பரில் சுற்றிப் பூரணிக்கும் கொண்டுவந்து தருவார். பின்னேரம் ஆனால் மனைவி தயாளினிக்குப் போன் எடுத்து, ஆட்டுக்குக் குழை கட்டியாச்சோ, கிணற்றில் தண்ணி எவ்வளவு என்று ஒரே கேள்விகளைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார். அந்தக் கட்டிடத்துக்கு ஏன் போகவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டார்.

மதியம் கழிந்த நேரம்தான், ஆனாலும் மழைமேகம் இறங்கித் துறைமுகத்துத் தண்ணி சாம்பல் நிறமாய்க் கிடந்தது. தூரத்தில் நின்ற கப்பல்களில் லைட் போட்டிருந்தார்கள். இறங்குதுறை ஓரம் நடந்து போகும்போது ஆனந்தராசா சொன்னார், இந்த இடத்துக்குக் காகம் வருவதில்லை என்று. வாசலுக்கு வந்ததும் பூரணி வேறொன்றைக் கவனித்தாள். ஈ இல்லை. இவ்வளவு மீன் அழுகின இடத்தில் ஒரு ஈயாவது இருக்கவேண்டும்.

பூட்டு சூடாக இருந்தது. மழையில் நனைந்துகொண்டிருந்த இரும்புப் பூட்டு, கையில் வைத்திருந்து தந்த காசு மாதிரி இளஞ்சூடாக இருந்தது. ஆனந்தராசா திறப்பைப் போட்டுத் திருப்பிவிட்டு விரலைச் சாரத்தில் துடைத்தார்.

உள்ளே அந்த மணம். மேசைக்குக் கீழே கள்ளமாய் வந்து தடவிய அதே மணம், இங்கே வீட்டுக்காரன் மாதிரி எதிரே வந்து நின்றது. பூரணி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். டோர்ச் வெளிச்சத்தில் நடைபாதை நெடுக நிலம் பளபளத்தது. செருப்பு ஒவ்வொரு அடிக்கும் ஒட்டிப் பிடித்துப் பிறகு 'சப்' என்று விட்டது. சுவரில் சாயத்துக்கு மேலே ஏதோ மெழுகியிருந்தாற்போல இருந்தது. தொடவேண்டாம் என்று அவள் தோளை ஒடுக்கிக்கொண்டு நடந்தாள்.

சேவர் இருந்த சிறிய அறைக்குள் அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வெளிச்சம் இருந்தது. பிளக் கழன்று, தூசி படிந்து, நிலத்தில் கிடந்தது.

அவள் அதைக் காலால் தள்ளிப் பார்த்தாள். எதிலும் கொழுவப்படவில்லை. இயந்திரத்தின் பின்பக்கத்திலிருந்து புறப்பட்ட மற்ற வயர்கள் சுவரில் இருந்த துவாரம் வழியாகப் பக்கத்துக் குளிரறைக்குள் போயின. அவற்றின் கறுப்பு உறை சில இடங்களில் வெளுத்து, மிருதுவாகி, உள்ளே நீலமாய் நரம்பு ஓடுவது தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாய் மயிரும் முளைத்திருந்தது. காற்றாடிச் சத்தம் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தது காற்றாடிச் சத்தம் இல்லை. உள்ளே இழுத்தது. நின்றது. வெளியே விட்டது.

"தங்கச்சி, சுணங்காமல் முடியுங்கோ," என்றார் ஆனந்தராசா. "எனக்கு இதுக்குள்ள நிக்க ஏலாமல் கிடக்கு."

பூரணி கைலேஞ்சியைக் கீபோட்டின் மேல் விரித்து அதற்கு மேலால் தட்டினாள். கொண்டுவந்த ஒட்டைக் கொடுத்தாள். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசிக்குக் கிட்ட வந்து நின்றது. பிறகு பக்கத்தில் 'கிளிக்' என்றது. குளிரறைக் கதவைப் பூட்டித் திறப்பதும் இந்தச் சேவர்தான். தடித்த அந்தக் கதவு தானாகவே ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து நின்றது.

பூரணி வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் காவல்காரருக்குத் திறந்து கிடக்கிற கதவைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க ஏலாது. அவர் கதவை இன்னும் தள்ளி டோர்ச்சை உள்ளே அடித்தார்.

"இங்க மீனில்லை," என்றார்.

அவள் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தாள். பெட்டிகள் இல்லை. தட்டுகள் இல்லை. நாலு சுவரையும் கூரையையும் நிலத்தையும் ஒரே தோல் மூடியிருந்தது. சாம்பலும் ரோசாவுமான தோல், சில இடத்தில் செதில் படிந்து, சில இடத்தில் கணவாயின் முதுகு மாதிரி வழவழத்து, நெடுகப் புள்ளி புள்ளியாய் இறால் கண்கள் பதிந்து, எல்லாம் ஒன்றாய் ஏறி இறங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் அது கிழிந்திருந்தது. ஒரு ஆள் உயரத்துக்குக் கிழிசல். அதன் ஓரங்கள் துடித்துத் துடித்து ஒன்றையொன்று தேடின. எட்டவில்லை. கிழிசலிலிருந்து மஞ்சளாய் நீர் வடிந்தது.

வாசலைத் தாண்டி ஒரு கால் உள்ளே வைத்திருந்த ஆனந்தராசா பின்வாங்கினார். அப்போதுதான் கால் வழுக்கியது. விழாமலிருக்கக் கையை நீட்டினார். நிலத்துத் தோல் அவரை இழுத்துக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் விட்டது. கை கிழிசலின் ஓரத்தில் ஊன்றியது.

அவர் கத்தவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்து, சபையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டவர் மாதிரி வெட்கத்தோடு சிரித்தார்.

"கை ஒட்டிப்போச்சு தங்கச்சி. ஒருக்கா இழுங்கோ."

பூரணி உள்ளே போனாள். அது அவளுடைய கணக்கில் எப்போதும் இருக்கவேண்டும், அவள் போனாள். அவருடைய மற்றக் கையைப் பிடித்தாள். இழுத்தாள். முழங்கை வரை உள்ளே போயிருந்தது. ஓரங்கள் அவர் கையைச் சுற்றி உதடு மாதிரிக் குவிந்தன. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, சூடாய்க் கிடக்கு, என்றார். முகம் வெளிறியிருந்தது. இன்னும் இழுத்தாள். அவர் கொஞ்சம் வந்தார், மெய்யாகவே வந்தார். அந்த நேரம் கிழிசலிலிருந்து வடிந்த நீர் அவர் தோள் வழியாக மற்றக் கைக்கு ஓடி அவள் விரல்களுக்குள் இறங்கியது. கொழகொழத்து. இளஞ்சூடாய். விரலிடுக்கு எல்லாம் புகுந்து. அதற்குள் சின்னதாய் ஏதோ நெளிந்தது.

அவள் விட்டுவிட்டாள்.

யோசித்து விடவில்லை. அருவருப்பில் கை தானாக உதறியது, அவ்வளவுதான். திரும்பப் பிடிக்க நீட்டினபோது பிடிப்பதற்குக் கை இருக்கவில்லை. தோள் போனது. காது போனது. அவர் கண் அவளையே பார்த்தபடி போனது. தோல் மூடியது. சட்டை வெளியே தெரிந்த இடம் கொஞ்ச நேரம் காக்கி நிறமாய் இருந்து, பிறகு சாம்பலானது. கிழிசல் இருந்த இடத்தில் கிழிசல் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு தழும்பு. அது எல்லாவற்றோடும் சேர்ந்து ஏறி இறங்கியது.

பின்னால் சேவர் 'டிங்' என்றது. திரை பச்சை.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஒபிசில் டெட்டோல் போத்தலைக் கையில் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. றுவைஸ் சந்தோசமாக இருந்தார். எல்லாம் பச்சை, மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று, நல்ல வேலை என்றார். பூரணி வாயைத் திறந்தாள். காவல்காரரைச் சுவர் விழுங்கிவிட்டது என்று எந்த மனேஜரிடம், எந்தப் பொலிசிடம் சொல்வது? கையைப் பிடித்திருந்தேன், விட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆனந்தராசா அண்ணை திறப்பைத் தந்துவிட்டு வெளிக்கிட்டுப் போனார், பிறகு காணவில்லை என்றாள். அதைச் சொன்ன பிறகு அதுதான் நடந்தது என்றாகிவிட்டது.

தயாளினி பூரணிக்குப் போன் எடுத்தாள். முதல் நாள் பின்னேரம், பிறகு ஒவ்வொரு பின்னேரமும். ஆனந்தராசா ஒரு தடவை அவசரத்துக்கென்று பூரணியின் நம்பரைக் கொடுத்திருந்தார். பூரணி போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பொலிஸ்காரர் ஒபிசுக்கு வந்து எல்லோரிடமும் கேட்டார்கள். அவளிடமும் கேட்டார்கள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். வீட்டில் சோற்றைப் பிசையும்போது விரலிடுக்கில் ஈரம் பட்டால் குமட்டியது. கரண்டியால் சாப்பிடத் தொடங்கினாள்.

அடுத்த மாதத்து ஒட்டு வந்தது. எல்லாவற்றுக்கும் அனுப்பினாள். பழைய துறைமுகக் குளிரறை முதல் ஆளாய்ப் பச்சையானது. மற்றவையும் ஆயின. ஒன்று சிவப்பில் நின்றது.

பெயரை இரண்டு தரம் வாசித்தாள். வீட்டில் இருந்து வேலை செய்யவென்று கம்பனி அவளுக்குக் கொடுத்த மடிக்கணினி; சேவர்களோடு அதுவும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. அன்புவழிபுரத்தில், அவளுடைய வீட்டு முன்னறையில் இருப்பது. கணவன் கப்பலில் வேலை செய்ததால் வீட்டில் அவளும் மகள் நிவேதிகாவும்தான். நிவேதிகா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்லைன் டியூசனுக்கு அந்த மடிக்கணினியைத்தான் வைத்திருந்தாள்.

பூரணி அரைநாள் லீவு போட்டு ஓட்டோ பிடித்தாள். படலையைத் திறக்கும்போதே மணம் வந்தது.

நிவேதிகா குசினியில் நின்று கையைக் குழாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாய் இப்படி இருக்கிறது, சொன்னால் ஏசுவீர்கள் என்று சொல்லவில்லை என்றாள். மடிக்கணினியில் மணிக்கட்டை வைத்துத் தட்டுகிற இடத்தில், ரூபாய்க் குத்திக் காசு அளவுக்கு, சாம்பலும் ரோசாவுமாய்த் தோல் மாறியிருந்தது. வழவழத்தது. பூரணி தொட்டாள். கையை இழுத்தாள். திரும்பத் தொட்டாள். அதன் நடுவில் ஊசித்துவாரம் அளவுக்கு ஒரு கிழிசல் துடித்தது.

"வலிக்கேல்லை அம்மா," என்றாள் நிவேதிகா. "சூடாய்க் கிடக்கு."

அன்றைக்கே ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஏதோ அலர்ஜி என்று பூச்சு மருந்து கொடுத்தார்கள். திரும்பி வரும்போது அது மணிக்கட்டைச் சுற்றி வந்திருந்தது. மகளைக் குசினிக்குப் பக்கத்து அறையில் படுக்கவைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். மடிக்கணினியைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறிவது என்றுதான் போனாள். தூக்க வரவில்லை. அடியிலிருந்து சவ்வாய் நூல் நூலாய் மேசையோடு ஒட்டியிருந்தது. மேசைக்குக் கீழே கால்கள் வழியாக நிலத்துக்கு இறங்கி, சுவரில் முக்கால்வாசிக்கு ஏறியிருந்தது. கத்தியால் ஒரு நூலை அறுத்தாள். குசினிப் பக்கத்திலிருந்து நிவேதிகா வீரிட்டாள்.

கத்தியைக் கீழே போட்டாள். சுவரில் இருந்த தோல் மெல்ல ஏறி இறங்கியது. நடுவில் கிழிந்திருந்தது. ஆள் உயரத்துக்கு.

"தங்கச்சி," என்றது.

அவருடைய குரல்தான். கச்சான் பொதியை நீட்டும்போது கூப்பிடுகிற அதே குரல். கோபம் இல்லை. ஆட்டுக்குக் குழை கட்டியாச்சோ என்று கேட்டது. கிணற்றில் தண்ணி எவ்வளவு என்று கேட்டது. பூரணி காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். போனில் ரிப்போட்டைத் திறந்தாள். சிவப்பு. மூடினாள். திறந்தாள். சிவப்பு. என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும்: ஒட்டுப் போட ஒரு ஆள். தானே போகலாம். அதையும் நினைத்தாள். கதவுப்பிடியில் கையும் வைத்தாள். பிடி ஈரமாய், இளஞ்சூடாய் இருந்தது. கை தானாக உதறியது.

பொழுது படுகிற நேரம் படலையடியில் யாரோ கூப்பிட்டார்கள்.

சம்பூரிலிருந்து பஸ் ஏறி, விலாசம் விசாரித்து விசாரித்து வந்திருந்தாள் தயாளினி. மழையில் நனைந்த பருத்திச் சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் பேப்பரில் சுற்றிய பொதி. வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்கு வரக்கூடாது என்று காணியில் பிடுங்கியதைக் கொண்டுவந்தனான் என்றாள். அவள் சண்டை பிடிக்க வரவில்லை. நீங்கள் கடைசியாய்க் கண்டிருக்கிறீர்கள், அவர் ஏதாவது சொன்னவரோ, முகம் எப்படி இருந்தது, அதை மட்டும் சொன்னால் போதும் என்றாள். பிறகு பூரணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் பிள்ளை இப்படி இருக்கிறீர்கள், வீட்டில் யாருக்கும் சுகமில்லையோ என்று கேட்டாள். மகளுக்கு என்றாள் பூரணி. தயாளினி அவள் தோளைத் தொட்டு, சுகமாகிவிடும் என்றாள்.

அப்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"தயா."

தயாளினியின் வாய் திறந்தபடி நின்றது. பொதி கையிலிருந்து விழுந்து கச்சான் வாசலெங்கும் சிதறியது. அவள் பூரணியைப் பார்த்தாள். அந்தக் கண்களில் இருந்தது பூரணியால் பார்க்க முடியாத சந்தோசம்.

"இஞ்சையோ நிக்கிறார்?"

இல்லை என்று சொல்ல நேரம் இருந்தது. நிறைய நேரம் இருந்தது. ஓடுங்கோ அக்கா என்று சொல்லலாம். கையைப் பிடித்து இழுக்கலாம். குசினிப் பக்கம் நிவேதிகா முனகினாள்.

"ஓம்," என்றாள் பூரணி. "உள்ளுக்கு வாங்கோ."

முன்னறைக் கதவை அவளே திறந்துவிட்டாள். தயாளினி ஈரச் சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஒரு கையால் தலைமயிரைத் தடவிச் சரிசெய்துகொண்டு, இருட்டுக்குள் போனாள். பூரணி கதவைச் சாத்தினாள். பிடியை இரண்டு கையாலும் இறுக்கினாள்.

கேள்வி மாதிரி ஒரு சத்தம். பிறகு கதவில் ஒரு தட்டு. உள்ளங்கையால். இன்னொன்று. பிறகு உறிஞ்சுகிற சத்தம், ஈரமாய், ஆறுதலாய், அவசரமில்லாமல். பூரணி பிடியை விடவில்லை. இந்தமுறை கை உதறவில்லை.

"அம்மா," என்று குசினிப் பக்கத்திலிருந்து நிவேதிகா கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது. "கை சரியாய்ப் போச்சு அம்மா. ஆர் வந்தது?"

"ஒருத்தருமில்லை," என்றாள் பூரணி.

கதவுக்குக் கீழே தயாளினியின் சேலைத்தலைப்பு சிக்கியிருந்தது. ஒரு முழம் வெளியே கிடந்தது. அது கொஞ்சம் உள்ளே போனது. நின்றது. கொஞ்சம் போனது. கரையின் மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றாய் நனைந்து, கறுத்து, கதவடிக்குள் நுழைந்தன. கடைசிப் பூவும் போன பிறகு அந்த இடைவெளியால் இளஞ்சூட்டுக் காற்று வந்து அவளுடைய கால்விரல்களில் பட்டது. உள்ளேயிருந்து ஆணும் பெண்ணுமாய் இரண்டு குரல்கள், ஒரே மூச்சில், அக்கறையோடு கேட்டன:

"பிள்ளைக்கு இப்ப சுகமோ?"